பிருந்தா எழுதிய மண்டபம்

காரியாபட்டியில் பிறந்து மதுரையில் படித்த பிருந்தாவை அருப்புக்கோட்டையில் கட்டிக்கொடுத்தார்கள். அது தொண்ணூற்றாறாம் வருடத் தை மாதம். மாப்பிள்ளை அருஞ்சுனை பி.காம். படித்தவன். அவனுடைய அப்பா தங்கசாமி கொத்தமல்லி, மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தார். பந்தல்குடி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபமும் கட்டியிருந்தார். கடையை அப்பா பார்த்துக்கொண்டார், மண்டபத்தை மகன் பார்த்துக்கொண்டான்.

பிருந்தா எம்.சி.ஏ. முடித்துவிட்டு மதுரையில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. போய் வா என்றும் யாரும் சொல்லவில்லை. புதுப்பெண் என்று முதல் மாதம் போகாமல் இருந்தாள். இரண்டாவது மாதம் சொந்தத்தில் ஒரு விசேஷம். மூன்றாவது மாதம் கம்பெனியில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த தோழி ரோஷினி போனில் அதைச் சொன்னபோது, பிருந்தா 'பரவால்ல' என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அருஞ்சுனை அதிகம் பேசாதவன். மண்டபத்துக்குப் போகும்போது 'வாரேன்' என்பான். வந்ததும் 'சாப்பிட்டியா' என்பான். நல்லவன்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது, ஆனால் என்ன நினைக்கிறான் என்பது தெரியவில்லை. அவன் மட்டும் அவளைக் கவனித்துக்கொண்டிருந்தான். மதுரையிலிருந்து கொண்டுவந்த பழைய கம்ப்யூட்டர் பத்திரிகைகளை அவள் விளம்பரம் உட்பட மறுபடியும் மறுபடியும் படிப்பதைப் பார்த்தான். டி.வி. பார்க்கும்போது அவள் விரல்கள் மடியில் ஏதோ தட்டிக்கொண்டிருப்பதையும் பார்த்தான்.

அடுத்த தையில், மதுரைக்கு மல்லி லோடு ஏற்றிப் போன வண்டி திரும்பி வரும்போது அதில் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பழையதுதான். கூடவே ஒரு பிரிண்டரும். மண்டபத்து ஆபீஸ் ரூமில் இறக்கி வைத்துவிட்டு அவளைக் கூட்டிப்போய்க் காட்டினான்.

"மண்டபம் புக்கிங்குக்கு ஒரு புரோகிராம் எழுதித் தாரியா?" என்று கேட்டான், தனக்கு ஏதோ உதவி கேட்பதைப் போல.

அவள் எழுதித் தருவதாகச் சொன்னாள்.

எழுதுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தேதி கேட்டு வருகிறவர்கள் முதலில் என்ன கேட்பார்கள், ஒரு கல்யாணம் தள்ளிப்போனால் என்ன செய்வீர்கள், காதுகுத்துக்கு அரை நாள் கொடுப்பது உண்டா என்று ஒரு வாரம் அவனைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் பதில் சொல்லிக்கொண்டே இருந்தான். பெண்வீட்டார் பஞ்சாங்கத்தோடு வந்து கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் சொன்ன தேதியையே எடுத்துக்கொண்டு போவதையெல்லாம் சொன்னான். கல்யாணமாகி ஒரு வருடத்தில் இரண்டு பேரும் அவ்வளவு பேசியதில்லை.

மாசிக் கடைசியில் புரோகிராம் ஓடத் தொடங்கியது. சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதியிருந்தாள். அதில் கிளாஸ் என்று ஒன்று உண்டு. ஒரு பொருள் எப்படி இருக்க வேண்டும், என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைக்கும் அமைப்பு அது. அந்த அமைப்பைப் பார்த்து கம்ப்யூட்டர் தன் நினைவுக்குள் பொருளைச் செய்துகொள்ளும், எத்தனை கேட்டாலும் செய்யும். பிருந்தா தன் கிளாஸுக்கு 'மண்டபம்' என்று பெயர் வைத்தாள். அது டிஸ்க்கில் இருக்கும் தேதிகளையெல்லாம் வாசித்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். எந்தத் தேதி காலி என்று கேட்டால் சொல்லும். பெயரைக் கொடுத்தால் பதிந்து, மொத்தத்தையும் மறுபடி டிஸ்க்கில் எழுதி வைக்கும். புதிதாகப் பதிய ஒரு திரை, தேதி மாற்ற ஒரு திரை. ஒரு பட்டனைத் தட்டினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம்.

அருஞ்சுனை ஒரே நாளில் பழகிக்கொண்டான். பிரிண்டர் கிரீச்சென்று ரசீது அடித்துத் தள்ளுவதைப் பார்க்கவே சிலர் வந்து நின்றார்கள்.

ஆவணி பிறந்த முதல் வாரத்தில் ஒரு நாள் காலையில் திருச்சுழிப் பருப்பு வியாபாரி பொன்ராஜ் தாம்பாளத்தில் கல்யாணப் பத்திரிகை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மகள் சரஸ்வதிக்குக் கல்யாணம். மண்டபத்துக்காரர் என்ற முறையில் தங்கசாமிக்கு முதல் பத்திரிகை. அன்று சாயங்காலமே எம்.ரெட்டியபட்டியிலிருந்து பூமிநாதனும் அவர் மனைவி பெத்தம்மாளும் வந்தார்கள். அவர்கள் மகள் ரேணுகாதேவிக்குக் கல்யாணம். பூமிநாதன் கரிசல் காட்டில் பருத்தி போடுகிறவர். காபி கொடுத்து உட்காரவைத்துவிட்டு, தங்கசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரிகையை வாசித்தார். பிறகு காலையில் வந்த பத்திரிகையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்து அதையும் வாசித்தார். இரண்டிலும் ஆவணி இருபத்தைந்து, புதன்கிழமை. இரண்டிலும் அவருடைய மண்டபத்தின் பெயர்.

மகனைக் கூப்பிட்டார். அருஞ்சுனை ஸ்கூட்டரில் மண்டபத்துக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வந்தான். அதில் ஆவணி இருபத்தைந்துக்கு நேரே பொன்ராஜ் பெயர் மட்டும்தான் இருந்தது. பூமிநாதன் சட்டைப்பையிலிருந்து ரசீதை எடுத்து விரித்தார். அதே பிரிண்டர் அடித்தது, அருஞ்சுனையின் கையெழுத்தோடு.

"தப்பு எங்கிட்டதான்" என்றான் அருஞ்சுனை. "மாத்தி எழுதிட்டேன் போல."

பூமிநாதன் சத்தம் போடவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாலு வருசம் வானத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்து இந்த வருசந்தான் வெள்ளாமை வந்துச்சு அண்ணாச்சி. பத்திரிகை ஊரு பூராம் குடுத்தாச்சு. இப்ப எங்களப் போச் சொல்றீகளா?"

தங்கசாமி அப்படியெல்லாம் இல்லை என்று பதறிச் சொன்னார். இரண்டு நாள் கழித்து இரண்டு வீட்டாரும் மண்டபத்தில் உட்கார்ந்து பேசலாம் என்று முடிவானது. பூமிநாதன் கிளம்பும்போது அருஞ்சுனையின் முகத்தைப் பார்க்கவில்லை. பெத்தம்மாள் மட்டும் அடுப்படி வாசலில் நின்ற பிருந்தாவிடம் போய் வருவதாகத் தலையசைத்தாள். அவர்கள் போன பிறகு தங்கசாமி, அந்தப் பெட்டியை மூடி வைத்துவிட்டுப் பழையபடி நோட்டிலேயே எழுதும்படி மகனிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். மருமகளை அவர் எதுவும் சொல்லவில்லை. அதுதான் பிருந்தாவுக்குக் கஷ்டமாக இருந்தது.

இரண்டு பேரும் என்றைக்குப் பதிந்தார்கள் என்று கணவனைக் கேட்டாள். ஒரே நாள்தான் என்றான். பொன்ராஜ் முதலில் ஆனி மாதத்துக்குப் பதிந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டில் ஒரு இழவு விழுந்து, தேதியை ஆவணிக்கு மாற்ற வேண்டி வந்தது. பங்குனியில் ஒரு நாள் வந்து, அருஞ்சுனை மாற்றும் திரையைத் திறந்ததும், மாப்பிள்ளை வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போன் பண்ணப் போனார். லைன் கிடைக்க நேரமாயிற்று. அந்த இடைவெளியில் பூமிநாதன் வந்து ஆவணி இருபத்தைந்தைப் பதிந்துவிட்டுப் போனார். பிறகு பொன்ராஜ் வந்து அதே தேதியைச் சொன்னார். திரையில் காலி என்று இருந்தது, பதிந்தேன் என்றான். பூமிநாதன் கேட்டதும் அதே தேதிதான் என்பது அப்போது எப்படி நினைவுக்கு வராமல் போனது என்றுதான் அவனுக்குப் புரியவில்லை. பங்குனியில் ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வந்து போவார்கள்.

பிருந்தா மறுநாள் காலை சமையலை முடித்துவிட்டு மண்டபத்து ஆபீஸுக்குப் போனாள். அன்று நடந்ததை அப்படியே செய்து பார்த்தாள். மாற்றும் திரையைத் திறந்தாள். அதை அப்படியே விட்டுவிட்டுப் பதியும் திரைக்குப் போய், யாருக்கும் வேண்டாத ஒரு மார்கழித் தேதியில் தன் பெயரைப் பதிந்தாள். மறுபடி மாற்றும் திரைக்கு வந்தாள். அந்த மார்கழித் தேதி காலியாக இருந்தது. வேறு ஏதோ ஒரு தேதியை மாற்றிவிட்டு, புரோகிராமை மூடித் திறந்து பார்த்தாள். அவள் பெயர் எங்கேயும் இல்லை.

எல்லாம் விளங்கிவிட்டது. ஒவ்வொரு திரையும் தனக்குத்தானே ஒரு மண்டபத்தைச் செய்துகொள்ளும்படி எழுதியிருந்தாள். வெளியே பந்தல்குடி ரோட்டில் நிற்பது ஒரு மண்டபம். கம்ப்யூட்டருக்குள் இரண்டு இருந்தன. ஒன்றில் பதிந்தது இன்னொன்றுக்குத் தெரியாது. எது கடைசியாக டிஸ்க்கில் எழுதியதோ அது முன்னால் இருந்ததை அழித்துவிட்டது.

அருஞ்சுனை கல்யாணக் கூடத்தில் நாற்காலிகளை எண்ணி அடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆட்கள் நகர்ந்ததும் அவனிடம் போய்ச் சொன்னாள்.

அவன் கேட்டுக்கொண்டான்.

"நாந்தான் பண்ணேன்னு சொல்லியாச்சு. அது அப்பிடியே இருக்கட்டும் பிருந்தா. உன்னய யாரும் ஒரு வார்த்த சொல்லிறக் கூடாது."

அவளுக்குக் கண் கலங்கியது. அவன் எதற்காகச் சொல்கிறான் என்று தெரிந்துதான் கலங்கியது. ஆனாலும் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

"இத எழுதுனது நானுங்க. தப்ப மட்டும் நீங்க எடுத்துக்கிட்டா, மத்ததும் என்னோடது இல்லன்னு ஆயிரும்ல? மதுரைய விட்டு வந்து நான் செஞ்சது இது ஒண்ணுதான். தப்போட சேத்து எங்கிட்டயே குடுத்துருங்க."

அவன் அங்கே கிடந்த ஒரு நாற்காலியை எடுத்து அடுக்கில் வைத்தான். அவள் வீட்டுக்கு நடந்தாள். கோபித்துக்கொண்டானோ என்று நினைத்தாள்.

இரண்டாம் நாள் பந்திக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் பொன்ராஜும் அவர் மச்சினனும். எதிர்ப்பக்கம் பூமிநாதனும் பெத்தம்மாளும். நடுவில் தங்கசாமி. பொன்ராஜுக்குத் திருச்சுழியில் நல்ல பேர், தங்கசாமி கடையோடு கொடுக்கல் வாங்கலும் உண்டு. பூமிநாதன் இறுக்கமாக உட்கார்ந்திருந்தார். யார் முதலில் பேசுவது என்று தெரியாமல் எல்லாரும் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தார்கள். அருஞ்சுனை எழுந்தான்.

"அன்னைக்கு நான் மாத்தி எழுதிட்டேன்னு சொன்னேன். தெரியாமச் சொல்லிட்டேன். இந்தப் புரோகிராம எழுதுனது எங்க வீட்ல. என்ன நடந்துச்சுன்னு கண்டுபிடிச்சதும் அவதான். அவளே சொல்லட்டும்."

சுவர் ஓரமாக மாமியார் ஆவுடைத்தாயின் பக்கத்தில் நின்ற பிருந்தா முன்னால் வந்தாள். ஒரே கடையில் ஒரே சரக்குக்கு இரண்டு கணக்குப்பிள்ளைகள் தனித்தனியாக எழுதிக்கொண்டு, ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் பார்க்காமல் இருந்தால் எப்படியோ அப்படி என்று சொன்னாள். அந்தத் தவறு தான் எழுதியதில் இருந்தது, யார் பட்டனைத் தட்டியிருந்தாலும் நடந்திருக்கும் என்றாள்.

பொன்ராஜ் யோசித்துவிட்டு, அப்படியானால் அழிந்தது தங்கள் பெயராகவும் இருந்திருக்கலாமா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவருக்கு முதலில் போன் லைன் கிடைத்து, பூமிநாதன் பிறகு பதிந்திருந்தாலும் இப்படியே ஆகியிருக்கும், பேர்தான் மாறியிருக்கும்.

பூமிநாதன் தலையை நிமிர்த்தினார்.

"அப்ப எங்க பேர யாரும் வேணும்னு அடிக்கல?"

"இல்லண்ணே. உங்க பேர அடிச்சது நான் எழுதுன வரி. அதுக்கு யாரு பேருன்னு தெரியாது."

அவர் பெத்தம்மாளைப் பார்த்தார். இரண்டு நாளாக அவர்கள் வீட்டில் வேறு பேச்சு இல்லை என்று பெத்தம்மாள் பிறகு சொன்னாள். பெரிய வியாபாரிக்காகத் தங்கள் பேரை எடுத்துவிட்டு, பையன் மழுப்புகிறான் என்றே நினைத்திருந்தார்கள். தப்பு என்னிடம்தான் என்று அருஞ்சுனை சொன்னதே அவர்களுக்கு அதை உறுதிப்படுத்தியிருந்தது. இப்போது பூமிநாதனின் தோள் தளர்ந்தது. பத்திரிகையை எடுத்து முகூர்த்த நேரத்தைப் பார்த்தார். அவர்களுடையது ஆறிலிருந்து ஏழரை. பொன்ராஜ் வீட்டில் ஒன்பதிலிருந்து பத்தரை.

"நாங்க காட்டுக்காரவுக. வெள்ளன எந்திரிச்சுப் பழக்கம். எட்டு மணிக்கெல்லாம் பந்திய முடிச்சு எலைய எடுத்துருவோம்" என்றார்.

அதன் பிறகு பேச்சு வேகமாக நடந்தது. முதல் நாள் ராத்திரித் தங்கலுக்குத்தான் இடம் போதாது. பொன்ராஜின் மச்சினன், நம்ம வீட்டுக் கல்யாணத்தில் இன்னொருத்தர் வாழைமரமா என்று இழுத்தார். பொன்ராஜ், மரம் ஒன்றாக இருந்தால் என்ன, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து நல்ல குலையாகக் கட்டச் சொல்லலாம் என்று அவரை அடக்கினார். ஆவுடைத்தாய் அப்போது, பொன்ராஜ் வீட்டுப் பெண்ணும் பெண்ணைச் சேர்ந்தவர்களும் தங்கள் வீட்டில் தங்கட்டும், மாடி பூராவும் காலி பண்ணித் தருகிறோம், பொண்ணு பிருந்தாவின் ரூமில் இருக்கட்டும் என்றாள். அப்படியே முடிவாயிற்று.

வீட்டுக்குத் திரும்பும்போது தங்கசாமி மருமகளிடம் முதல் தடவையாக அதைப் பற்றிப் பேசினார்.

"ஏத்தா, அத மூடி வைக்கச் சொன்னேன்ல. வேணாம். சரி பண்ண முடியும்னா பண்ணு."

பண்ணினாள். புரோகிராம் தொடங்கும்போதே ஒரு மண்டபத்தைச் செய்து, அதையே இரண்டு திரைகளுக்கும் கொடுக்கும்படி மாற்றி எழுதினாள். அன்று செய்த சோதனையை மறுபடி செய்தாள், சரியாக வந்தது. நிம்மதியாக இருந்தது. நாலைந்து நாள் கழித்து அருஞ்சுனை, காலியாக இருக்கும் முகூர்த்த நாட்களை மட்டும் தாளில் அடித்து எடுக்க முடியுமா என்று கேட்டான். அதற்கு மூன்றாவது திரை ஒன்று எழுதினாள். எழுதி ஓட்டிப் பார்த்தபோது, சற்று முன் பதிந்த ஐப்பசித் தேதி ஒன்று தாளில் காலி என்று அச்சாகி வந்தது.

எழுதிய வரிகளை மேலிருந்து பார்த்தாள். புதுத் திரையில் பழக்கதோஷத்தில் மறுபடியும் ஒரு மண்டபத்தைச் செய்திருந்தாள். இவ்வளவு நடந்தும் கை பழைய வழக்கப்படியே எழுதியிருக்கிறது. கவனமாக இருந்தால் போதும் என்று நினைத்தது தப்பு. எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் மறக்கும். தான் மறந்தாலும் நடக்காதபடி எழுத வேண்டும்.

மதுரைக்கு ரோஷினிக்குப் போன் போட்டாள். ரோஷினி கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவர்கள் ஆபீஸிலும் பிரிண்டர் விஷயத்தில் இதே கூத்து நடந்து, பெங்களூரிலிருந்து வந்த ஒருத்தர் சொல்லிக்கொடுத்தாராம். இதற்குப் பெயரே இருக்கிறது, சிங்கிள்டன் என்றாள். ஒரு கிளாஸிலிருந்து ஒரே ஒரு பொருள்தான் வர முடியும் என்று அந்தக் கிளாஸே பார்த்துக்கொள்ளும்படி எழுதுவது.

"கன்ஸ்ட்ரக்டரத் தூக்கி பிரைவேட்ல போட்ரு. வெளிய இருந்து யாரும் செய்ய முடியாது. நீயே நெனச்சாலும் முடியாது" என்றாள்.

அவ்வளவு சொன்னது பிருந்தாவுக்குப் போதும். பொருளைச் செய்கிற வேலை கன்ஸ்ட்ரக்டருடையது. அதுவரை அது எல்லாரும் கூப்பிடும்படி வெளியே இருந்தது. அதைக் கிளாஸுக்குள்ளே பூட்டினாள். கிளாஸுக்குள்ளேயே, அந்த ஒரே மண்டபம் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்க ஓர் இடம் ஒதுக்கினாள். தொடக்கத்தில் அது வெறுமையாக இருக்கும். பிறகு 'மண்டபத்தைக் கொடு' என்று ஒரு ஃபங்ஷன், அதாவது கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்யும் துண்டு, எழுதினாள். யாராவது கேட்டால் அது முதலில் அந்த இடத்தைப் பார்க்கும். வெறுமையாக இருந்தால் ஒரு மண்டபத்தைச் செய்து, குறித்துவைத்துவிட்டுக் கொடுக்கும். ஏற்கெனவே இருந்தால் இருப்பதையே கொடுக்கும். மூன்று திரைகளிலும், புதிதாகச் செய்யும் வரியை எடுத்துவிட்டு, கேட்டு வாங்கும் வரியைப் போட்டாள். எல்லாம் சேர்த்து இருபது வரி இருக்காது.

அருஞ்சுனை பின்னால் வந்து நின்றான். உட்காரச் சொல்லி, ஒரு வேடிக்கை காட்டுகிறேன் என்றாள். வேண்டுமென்றே பழையபடி புதிதாக ஒரு மண்டபம் செய்யும் வரி ஒன்றை எழுதி, அதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைல் வேலையைச் செய்யச் சொல்லித் தட்டினாள். புரோகிராம் ஓடவே இல்லை. திரையின் அடியில் ஒரு வரி வந்தது. கன்ஸ்ட்ரக்டரை இங்கிருந்து தொட முடியாது என்று அதற்கு அர்த்தம். தப்பு என்று கம்ப்யூட்டர் காட்டியதைப் பார்த்து அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு அவன் பார்த்ததில்லை.

"ஓடுறதுக்கு முன்னாடியே பிடிச்சுருது, பாத்தீங்களா? இனி நான் தூங்கிக்கிட்டே எழுதுனாலும் ரெண்டாவது மண்டபம் வராது."

அவன் அந்த வரியை எழுத்துக் கூட்டி வாசித்தான்.

"அப்ப ரெண்டாவதாக் கேக்குறவனுக்கு என்ன கெடைக்கும்?"

"அதே மண்டபம். மூணாவதாக் கேட்டாலும் அதேதான்."

அவன் தாடையைத் தேய்த்துக்கொண்டு யோசித்தான்.

"புதுசாச் செய்யத்தான விட மாட்டேங்குது. இருக்கதக் குடுத்து, இதப் போல ஒரு நகல் எடுன்னா?"

பிருந்தா திரும்பி அவனைப் பார்த்தாள். அதை அவள் யோசிக்கவில்லை. எழுதிப் பார்த்தாள். கம்ப்யூட்டர் மறுப்புச் சொல்லாமல் நகல் எடுத்தது, நினைவுக்குள் மறுபடி இரண்டு மண்டபம். நகல் எடுக்கும் கன்ஸ்ட்ரக்டர் ஒன்று தானாகவே வந்துவிடும் என்பது பாடத்தில் படித்ததுதான். அதையும் ஒரு வரியில் பிரைவேட்டில் போட்டுப் பூட்டினாள். மறுபடி முயன்றபோது கம்பைலர் ஒத்துக்கொள்ளவில்லை.

"இது நீங்க சொல்லிக் குடுத்தது" என்றாள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அருஞ்சுனை, நகல் எடுக்கிற விஷயத்தைத் தான் கண்டுபிடித்ததாக அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஆவுடைத்தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. மகன் இவ்வளவு பேசுகிறானே என்று இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.

ஆவணி இருபத்தைந்து விடிகாலையில் மண்டபத்து வாசலில் இரண்டு பெண்கள், இரண்டு மாப்பிள்ளைகளின் பெயர்கள் எழுதிய துணி கட்டியிருந்தது. பொன்ராஜின் மச்சினனே முன்னின்று வாழைமரம் கட்டியிருந்தார். ரேணுகாதேவி கழுத்தில் ஆறே முக்காலுக்குத் தாலி ஏறியது. பூமிநாதன் சொன்னபடி எட்டு மணிக்கு இலையை எடுத்துவிட்டார்கள். ஆனால் ரெட்டியபட்டி ஆட்கள் யாரும் கிளம்பவில்லை. பந்திக் கூடத்தைக் கழுவிவிட்டு, அடுத்த கல்யாணத்துக்கு இலை போட நின்றார்கள்.

மண்டபத்தில் மணப்பெண் அறை ஒன்றுதான். சரஸ்வதியைப் பிருந்தாதான் வீட்டிலிருந்து கூட்டி வந்தாள். முந்தின நாள் அவளுடைய ரூமில் படுத்திருந்த சரஸ்வதி சரியாகத் தூங்கவில்லை. போகப்போகிற ஊர் சென்னை, அங்கே யாரையும் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அறைக்குள் நுழைந்தபோது ரேணுகாதேவி மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்ததில்லை. பத்திரிகையில் பெயரைத்தான் பார்த்திருந்தார்கள்.

சரஸ்வதி அவள் கழுத்துத் தாலியைப் பார்த்தாள்.

"பயமா இருந்துச்சாக்கா?"

"மேடைக்குப் போற வரைக்கும் இருந்துச்சு. ஒக்காந்த பெறகு புகைல கண்ணு எரிஞ்சுச்சா, பயம் மறந்து போச்சு" என்றாள் ரேணுகாதேவி.

சரஸ்வதி சிரித்துவிட்டாள். ரேணுகாதேவி எழுந்து, அவள் தலையில் சாய்ந்திருந்த பூச்சரத்தை எடுத்துச் சரியாக வைத்துக் குத்திவிட்டாள். மேடைக்குக் கூப்பிட்டபோது ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் பிருந்தாவும் கூடப் போனார்கள். பெத்தம்மாள் கீழே முன்வரிசையில் தன் வீட்டுக் கல்யாணம் போலவே அட்சதையோடு நின்றாள்.

கார்த்திகையில் ஒரு நாள் காரியாபட்டியிலிருந்து காளிராஜ் என்பவர் தங்கசாமி கடைக்கு வந்தார். அவரும் புதிதாக ஒரு மண்டபம் கட்டியிருந்தார். கம்ப்யூட்டரில் புக்கிங் போடுகிறீர்களாமே, அந்தப் புரோகிராம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். தன் மருமகள் எழுதியது என்று தங்கசாமி சொன்னார். காளிராஜ் தயங்கி, ஒரே தேதிக்கு இரண்டு கல்யாணம் வந்ததும் அதில்தானே என்று கேட்டார்.

"ஆமா. அதுவும் எம் மருமக எழுதுனதுதான். சரி பண்ணதும் அவதான். எங்கிட்டக் கேட்டு என்னத்துக்கு, அவகிட்டயே பேசுங்க" என்று சொல்லி மண்டபத்துக்கு அனுப்பிவைத்தார்.

அருஞ்சுனை அவரை ஆபீஸ் ரூமுக்குள் கூட்டி வந்து பிருந்தாவுக்கு எதிரே உட்காரவைத்துவிட்டு, டீ சொல்லப் போனான். அவள் முதலில் அவரிடம் கேட்டது, கம்ப்யூட்டர் ஒன்று வைக்கப் போகிறாரா, இரண்டா என்றுதான். மண்டபத்தில் ஒன்று, பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஒன்று என்றார் காளிராஜ்.

அப்படியானால் இங்கே இருப்பது அவருக்கு ஆகாது என்று பிருந்தா சொன்னாள். ஒரு கம்ப்யூட்டருக்குள் ஒரே ஒரு மண்டபம்தான் இருக்கும் என்பதற்கு மட்டும்தான் இந்த எழுத்து உத்தரவாதம். இரண்டு கம்ப்யூட்டர் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மண்டபம் வந்துவிடும், பழைய கதைதான். இரண்டையும் ஒயர் போட்டு இணைக்க வேண்டும், அல்லது ஓர் இடத்தில் மட்டும் பதிய வேண்டும். அவளுக்கும் அது புதிது. படித்து, எழுதிப் பார்த்து, தப்பு வருமா என்று சோதித்த பிறகுதான் கொடுக்க முடியும். மாசி வரைக்கும் ஆகலாம்.

காளிராஜ் யோசித்தார். முடியும் என்று சொல்லி எதையாவது தலையில் கட்டுகிறவர்களைத்தான் அவர் பார்த்திருந்தார்.

"மாசிக்குப் பெறகு முகூர்த்தம் நெறைய இருக்கும்மா. அதுக்குள்ள குடுத்தாப் போதும். நீங்களே செய்யிங்க" என்றார்.

பிருந்தா ஒரு வெள்ளைத்தாளை எடுத்துவைத்துக்கொண்டு, தேதி கேட்டு வருகிறவர்கள் அவரிடம் முதலில் என்ன கேட்பார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினாள்.